பொய்யாக உட்கார்ந்த மூன்று நாள்

மன்னி,

நேற்று, முழுகாமல் இருக்கும் உன் பேத்தியை ஸ்கேன் எடுக்க அழைத்துக்கொண்டு போனேன். தில்லைநகரில் ஒரு கிளினிக். துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டாளே தவிர, மாடிப்படி ஏறும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே டெட்டால் வாசனை. மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தலை நிமிராமல், “கடைசியா தலைக்கு ஊத்துனது எப்பம்மா? தேதி சொல்லுங்க” என்றாள். உன் பேத்தி போனைத் திருப்பி ஒரு தேதியைக் காட்டினாள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். யாரும் அவள் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. யாரும் விரல் விட்டு எண்ணவில்லை.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். “என்ன அத்தைப்பாட்டி, ஏசி ஒத்துக்கலையா?” என்று கேட்டாள். தலையை ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவள் இப்போது எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ.

1960ஆம் வருஷத்துக் கோடை. நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்குப் பதினாறு, உனக்கு இருபத்தொன்று. லீவு என்று ஊரெல்லாம் சொன்னது, எனக்கு மட்டும் அது ஜெயில். பள்ளிக்கூடம் திறந்திருந்தால் காலையும் மாலையும் தெருவில் நடக்கவாவது முடியும். லீவு விட்டால் அதுவும் இல்லை. வளர்ந்த பெண் வாசலில் நிற்கக் கூடாது, மாடியில் நிற்கக் கூடாது, ஜன்னலில் நிற்கக் கூடாது. நிற்கக்கூடிய இடமாக அம்மா எனக்கு விட்டுவைத்தது சமையலறை ஒன்றுதான்.

உனக்கு அந்த லீவும் கிடையாது. மன்னார்குடியிலிருந்து மருமகளாக வந்து மூன்று வருஷம். அண்ணாவுக்கு வடக்கே பிலாயில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவான். குவார்ட்டர்ஸும் கிடைக்கவில்லை, கடிதமும் நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சித்திரைத் தேருக்குப் பத்து நாள் வருவான், தேர் நிலைக்கு வந்த மறுநாள் ரயிலேறிவிடுவான். மற்ற நாளெல்லாம் நீ விடியுமுன் எழுந்து, குளித்து, மடியாகப் புடவை சுற்றிக்கொண்டு, சமையலறையில் தளிகைப் பாத்திரங்களோடு மாரடிப்பாய். மளிகைச் சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டாய். நீவி நீவிப் படிப்பாய். கதை பாதியில் கிழிந்திருக்கும். “மீதி துவரம்பருப்புப் பொட்டலத்துல இருக்கோ என்னமோ” என்று அதையும் பிரித்துப் பார்ப்பாய்.

மாதத்தில் மூன்று நாள்தான் நம் இருவருக்கும் மூச்சு விட நேரம். இந்தக் காலத்துப் பெண்களிடம் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். கொல்லைப்புறத்து அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். தனிப் பாய், தனித் தட்டு, தண்ணீரைத் தூக்கி ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். யாரும் தொடக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. அவமானம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொடக் கூடாதவளை யாரும் வேலை ஏவவும் முடியாதே. அந்த மூன்று நாளும் நீ புத்தகமும் கையுமாக இருப்பாய். அம்மாவின் சாஸ்திரத்தில் காகிதத்துக்குத் தீட்டு உண்டா என்று யாரும் கேட்டதில்லை. நாமும் எதற்குக் கேட்பானேன் என்று விட்டுவிட்டோம்.

அண்ணா ரயிலேறிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. என் கூடப் படித்த பெண்ணின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அவள் வீட்டில் வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றைப் பிரித்தெடுத்துத் தைத்து, கறுப்புக் காலிகோ அட்டை போட்டு மூன்று பாகமாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். “அஞ்சு நாள்தான் தருவேன், அப்புறம் சாமான் கட்டிடுவா” என்று சொல்லிக் கொடுத்தாள். அதே வாரத்தில் ஜீயபுரத்தில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் வந்து தொலைத்தது. அதற்கு முன்னால் இரண்டு நாளும் பட்சணம் சுட வேண்டும். மூன்று பாகத்தை எப்போது படிப்பது?

யோசனை என்னுடையது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் மழுப்பிவிடக் கூடாது பார்.

கிணற்றடியில் வந்து, “மன்னி, ஜீயபுரத்துக்கு நாம போக வேண்டாம். நாளைக்குக் காலம்பற ரெண்டு பேரும் உட்கார்ந்துடலாம்” என்றேன்.

நீ வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டாய். “பொய்யாவா?”

“உனக்கு எப்போ வரணும்?”

“இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

“ரெண்டு நாள் முன்னாடி வந்தா யார் கேக்கப் போறா? நடுவிலே நிஜமாவே வந்துடும். கணக்கு சரியாயிடும்.”

“பெருமாள் கேப்பார்டி.”

“அவர் தேர் முடிஞ்ச களைப்பில இருக்கார். கேக்க மாட்டார்.”

நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். மறுநாள் விடிகாலையில் நீ அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கினாய். ஒரு மணி நேரம் கழித்து நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “கல்யாணத்துக்குன்னு பார்த்து ரெண்டும் ஒண்ணா உட்காரணுமா” என்று தனியாகப் பட்சணம் சுட்டாள். உனக்கு அது பாவமாக இருந்தது. எனக்கு அதுவும் இல்லை, முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். வெயில் ஓட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். நீ ஒரு அத்தியாயம் படிக்க நான் கேட்பேன், நான் ஒன்று படிக்க நீ கேட்பாய். சத்தம் வெளியே போகக் கூடாது என்று கிசுகிசுவென்று படித்ததில் கொலை, கல்யாணம் எல்லாமே ஒரே குரலில் நடந்தது. அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டவன் திரும்பி வருவானா என்பதுதான் கதை. “வருவான், வராம என்ன, அவனுக்கென்ன குவார்ட்டர்ஸா கிடைக்கல” என்றாய். நான் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து “என்னடி அங்கே” என்று அதட்டினாள்.

இரண்டாம் நாள் அப்பாவும் அம்மாவும் காலை பஸ்ஸில் ஜீயபுரம் போனார்கள். நமக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, வாசலைப் பூட்டிச் சாவியையும் கையோடு எடுத்துப் போய்விட்டாள் அம்மா. கொல்லைக் கதவைப் பூட்டத் தோன்றவில்லை. அந்த மூன்று நாளில் இருக்கும் பெண் தெருவில் இறங்குவாள் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். நாம் இறங்கினோம். சந்து வழியாகப் போய் டவுன் பஸ் பிடித்து, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் மாட்டினி. நீ சினிமா பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. விளக்கு அணைந்ததும் என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். படம் முடியும் வரை விடவில்லை.

கதை நினைவிருக்கிறதா? செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் நிற்கிறாள் ஒருத்தி. கடைசி நிமிஷத்தில் இன்னொரு பெண் ஓடி வந்து, “எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்” என்று சாட்சி சொல்கிறாள். கொட்டகையே கை தட்டியது. எல்லாரையும்விட பலமாகத் தட்டியது நான். திரும்பும்போது பஸ்ஸில், “நீ வக்கீலுக்குப் படிடி, நன்னாப் பேசுவே” என்றாய். நான் ஜன்னலோரம், உன் மறைவில். எதிராத்து மாமி அந்த பஸ்ஸில் பின்னால் இருந்தது நம் இருவருக்கும் தெரியாது.

நாலாம் நாள் விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டோம். மூன்றாம் பாகத்தில் பாதிதான் ஆகியிருந்தது. சிநேகிதி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நீ ஈரத்தலையைத் துவட்டியபடி மெதுவாகச் சொன்னாய். “வேதா, எனக்கு நிஜமா வரவே இல்லையே.”

“நாளைக்கு வரும்” என்றேன்.

“வந்தா அம்மாகிட்டே என்னன்னு சொல்றது?”

அதுதான் நமக்குப் பெரிய கவலையாக இருந்தது. வராமலே போனால் என்ன ஆகும் என்று இருவருக்கும் உறைக்கவில்லை. உனக்கு எப்போதுமே முன்பின்னாகத்தான் வரும் என்று உன்னை நீயே சமாதானப்படுத்திக்கொண்டாய். நான் அதைக்கூட யோசிக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, எதையும் நிபந்தனை போட்டுத்தான் தருவார். “திருச்சியில காலேஜ்ல சேர்த்துவிடறேன். ஆனா சினிமா, சிநேகிதம்னு ஒரு பேச்சு காதில விழுந்தாலும் அன்னிக்கே நிறுத்திடுவேன். கும்பகோணத்துப் பிள்ளை ஆவணி வரைக்கும் காத்துண்டிருப்பான்” என்றார். கும்பகோணத்துப் பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது. பெண் படித்தது போதும் என்று அந்த வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆனி மாதம் ஒரு காலையில் நீ குமட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாய். அம்மா பின்னாலேயே வந்தாள். உன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, மூன்று வருஷமாக அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். “பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்” என்றாள். பிறகு வழக்கம்போல் கட்டைவிரலால் விரல் கணுக்களை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே வந்த விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். உள்ளே போய்விட்டாள்.

அண்ணா போனது தேர் முடிந்த மறுநாள். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து நீ உட்கார்ந்து, மூன்று நாள் இருந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாய். அதற்கு அம்மாவே சாட்சி. அப்படியானால் கரு தரித்தது அண்ணா போன பிறகு. அவள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. நாம் கொடுத்த தேதிதான் பொய்.

அவள் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. தளிகை அறைக்குள் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அந்த நேரம் பார்த்து எதிராத்து மாமி வந்து, “உங்காத்து மாட்டுப்பொண்ணை டவுன் பஸ்ல பார்த்தேனே, ஜீயபுரம் கல்யாணத்தன்னிக்கு. தனியா எங்கே போயிட்டு வந்தா?” என்று பற்றவைத்துவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் அம்மா உன்னைச் சமையலறை வாசலில் நிற்க வைத்துக் கேட்டாள். நான் கூடத்தில் காலேஜ் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது.

நீ அழவில்லை. “நான் அன்னிக்கு நிஜமா உட்காரலைம்மா. புஸ்தகம் படிக்கணும்னு பொய் சொன்னேன். நீங்க ஜீயபுரம் போனப்போ சினிமாவுக்கும் போனேன். தப்புதான். வேற ஒண்ணும் இல்லை” என்றாய்.

“தனியாவா போனே?”

“தனியாத்தான் போனேன்.”

என் பேனா நின்றுவிட்டது. நீ என்னை இழுக்கவில்லை. ஒரு வார்த்தை, வேதாவைக் கேளுங்கோ என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உனக்கு ஆவணியும் தெரியும், கும்பகோணமும் தெரியும். தாம்புக்கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாய்.

அம்மா கூடத்துக்கு வந்தாள். என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எப்போதும் நின்றுகொண்டே அதட்டுகிறவள், அன்று உட்கார்ந்து கேட்டாள். “வேதா, நீ அவளோட அதே ரூம்ல இருந்தே. அவ சொல்றது நிஜமா? அவ பொய்யாத்தான் உட்கார்ந்தாளா? உனக்குத் தெரிஞ்சா சொல்லிடுடி, கண்ணா.”

அம்மா என்னைக் கண்ணா என்று கூப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான். அவள் கெஞ்சினாள், மன்னி. உன்மேல் பழி போட அவள் வரவில்லை. அந்தப் பழி விலகட்டும் என்றுதான் வந்தாள். அவளும் தன் விரல் கணுக்களுக்குள் மாட்டிக்கொண்டு தவித்தாள். நான் ஒரு சொல் சொன்னால் அவளும் வெளியே வந்துவிடலாம், நீயும் வந்துவிடலாம். நான்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். நானும் பொய்யாக உட்கார்ந்தேன், நானும் சினிமாவுக்குப் போனேன், யோசனையே என்னுடையது என்று வரும். அப்பா விண்ணப்பத்தைக் கிழித்துவிடுவார். ஆவணியில் முகூர்த்தம்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

கிணற்றடியில் ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு மறுபடி கிரீச்சிட ஆரம்பித்தது. நீ கேட்டுவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரைப் பூர்த்தி செய்தேன்.

உன் அப்பா வந்து அழைத்துப் போனார். முதல் பிரசவம் தாயாத்தில் என்று ஊருக்குச் சொன்னார்கள். மூன்றாம் மாதத்தில் யார் அனுப்புவார்கள் என்று ஊர் கேட்டுக்கொண்டது. பூச்சூட்டலும் கிடையாது, சீமந்தமும் கிடையாது. அண்ணாவுக்கு, உடம்பு தாங்காததால் அனுப்பியிருக்கிறோம் என்று அப்பா எழுதினார். பிள்ளை மனசு உடைந்துவிடும் என்று அம்மா மற்றதை எழுத விடவில்லை. வண்டி ஏறுமுன் நீ என்னிடம், “மூணாம் பாகம் எங்கேயாவது கிடைச்சா, முடிவு என்னன்னு எழுதுடி” என்றாய். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

காலேஜ் லைப்ரரியில் அந்தத் தொடர்கதை புத்தகமாகவே இருந்தது. முடிவை எழுதி அனுப்பினேன். அவன் திரும்பி வந்தான், ஆனால் வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. “நான் நினைச்சது வேற” என்று ஒரு கார்டு போட்டாய். அதற்குப் பிறகு நான் படித்த ஒவ்வொரு புத்தகத்தையும் உனக்கு எழுதினேன். பக்கம் பக்கமாக எழுதினேன். எழுத வேண்டிய ஒரே வரியை மட்டும் எழுதவில்லை. வயிற்றில் குழந்தையோடும் தலையில் பழியோடும் நீ மன்னார்குடியில் அடைந்து கிடந்தாய். நான் புத்தகப் பையோடு தினமும் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

தை முதல் வாரம் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவின் கணக்குப்படி மாசி பிறந்த பிறகுதான் பிறக்க வேண்டும். குறைமாதமோ என்று பார்க்கப் போனவள், தலை நிறைய முடியும் விரல் நிறைய நகமுமாக இருந்த குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, தையிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறாள். கணக்கு தேருக்குப் போய் நின்றிருக்கிறது. உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று உன் அப்பா பின்னால் சொன்னார். உங்கள் இருவரையும் தானே அழைத்து வந்து, வாசலில் ஆரத்தி சுற்றி, தெருவுக்கே கேட்கும்படி, “என் பேத்தி நிறைமாசக் குழந்தை” என்றாள். எதிராத்து மாமிக்கென்றே சொன்னது அது.

அன்று மாலை அம்மா என்னை மறுபடி கேட்டாள். “அப்போ உனக்கு நிஜமாவே தெரியாதா?” இந்தத் தடவை அவள் கெஞ்சவில்லை. நான் காலேஜில் சேர்ந்து அரை வருஷம் ஆகியிருந்தது, கும்பகோணத்துப் பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. சொல்லியிருக்கலாம். முதல் தடவை ஏன் மறைத்தாய் என்று கேட்பாளே என்ற பயத்தில் இரண்டாம் தடவையும் அதே பதிலைச் சொன்னேன். முதல் பொய்யையாவது என் வயதின்மேல் போட்டுவிடலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் இல்லை.

பி.ஏ. முடித்துவிட்டு பிலாய்க்கு உன்னைப் பார்க்க வந்தேன். குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. உன் பெண்ணுக்கு மூன்று வயது, நமக்கு நடுவில் விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்து வந்ததை ஆரம்பித்தேன். “மன்னி, அன்னிக்கு அம்மா கேட்டப்போ...”

நீ என்னை முடிக்க விடவில்லை. “அந்த மூணு நாள் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததே இல்லைடி” என்றாய். “இங்கே நினைச்சா சினிமாவுக்குப் போறேன், நினைச்சா புஸ்தகம் வாங்கறேன். ஆனா அந்த மாட்டினி மாதிரி வரல்லை.” சொல்லிவிட்டு எனக்குக் காபி கலக்கப் போய்விட்டாய். நீ மன்னித்தாயா, அல்லது கேட்கவே பிடிக்காமல் கதவைச் சாத்தினாயா என்று இத்தனை வருஷமாக மாற்றி மாற்றி யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். என் கையெழுத்துக்குக் கீழே பி.ஏ. என்று போடும்போதெல்லாம், அது நீ மன்னார்குடியில் இருந்த மாதங்கள் என்று தோன்றும். தோன்றினாலும் போடாமல் இருந்ததில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்து, உனக்குத் தெரிஞ்சா சொல்லிடுடி என்று கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய “ஆமாம்மா” ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று அதற்கு ஒரு வீடே காத்துக்கொண்டிருந்தது. இப்போது கேட்க அம்மாவும் இல்லை, நீயும் இல்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன், மன்னி.

வேதா